கொல்கத்தா: ராத்திரி முழுக்கப் பாட்டு, பகலில் தூங்க ஓர் அறை

மாம்பலம் ரசிகன்

ஜனவரியில் கொல்கத்தா போகும் எண்ணம் இருந்தால், விடுதி தேடுவதற்கு முன்னால் ஒன்றை முடிவு செய்துவிடுங்கள். ராத்திரி எங்கே உட்காரப் போகிறீர்கள்? விக்டோரியா மெமோரியலுக்கும் ஹௌரா பாலத்துக்கும் பகலில் எங்கிருந்து வேண்டுமானாலும் போய்விடலாம். பாட்டு முடிந்து நடுநிசியிலோ விடியற்காலையிலோ வெளியே வரும்போதுதான் அறை எங்கே இருக்கிறது என்பது முக்கியமாகிறது.

நான் போனது டோவர் லேன் ஹிந்துஸ்தானி சங்கீத மாநாட்டுக்காக. 1952 முதல் நடக்கிறது. பெயர்தான் டோவர் லேன், கச்சேரி நடப்பது ரவீந்திர சரோவர் ஏரிக்கரையில் இருக்கும் நஸ்ருல் மஞ்ச் அரங்கத்தில். பெரும்பாலும் ஜனவரி 22 முதல் 25 வரை, ஒவ்வொரு ராத்திரியும் விடிய விடிய. நம் சபாக்களில் ஒன்பது மணி ஆனால் மங்களம் பாடி பஸ் பிடிக்க ஓடுகிறோம். அங்கே ஒன்பது மணிக்கு ஜனங்கள் அப்போதுதான் சால்வையை மடியில் விரித்துக்கொண்டு செட்டில் ஆகிறார்கள். பாதிப் பேர் தலையில் மங்கி கேப். அந்தக் குளிருக்கு அது தேவையா என்று முதல் நாள் சிரித்தேன். மறுநாள் கரியாஹாட் நடைபாதையில் பேரம் பேசி நானும் ஒன்று வாங்கினேன்.

கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் தனி ருசி உண்டு. ஹிந்தோளத்தை நாம் மாலை ஆறரைக்கும் கேட்போம், காலை பத்துக்கும் கேட்போம். அதே ஐந்து ஸ்வரங்களை மால்கௌன்ஸ் என்ற பெயரில், நள்ளிரவு தாண்டி, அவசரமே இல்லாத விளம்பித லயத்தில் கேட்கும்போது வேறு மாதிரி இருக்கிறது. ஹிந்துஸ்தானியில் ராகத்துக்கு நேரம் உண்டு என்று படித்தது ஒரு பக்கம். அந்த நேரத்தில் விழித்திருந்து கேட்பது வேறு. தர்பாரி ராகத்துக்குப் பிறகு ஒரு டீ, அப்புறம் லலித், கடைசியில் பைரவ் என்று போய்க்கொண்டே இருக்கும். பைரவ் என்பது நாம் சரளி வரிசை கற்றுக்கொண்ட மாயாமாளவகௌளையின் ஸ்வரங்கள்தான். வெளியே வெளிச்சம் வரும்போது கலைஞர் ஆஹிர் பைரவ் எடுத்தால், உங்கள் காது நம் சக்கரவாகம் என்று சொல்லும். சொல்லட்டும், ஒன்றும் தப்பில்லை.

இனி அறைக்கு வருகிறேன். ராத்திரி முழுக்க அரங்கத்தில் இருப்பவனுக்கு அறை பகல் தூக்கத்துக்கு மட்டும்தான். அதனால் ஜன்னல் காட்சி, டிவி, காலை உணவு எதற்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. சத்தம் இல்லாமல், வெந்நீர் வந்தால் போதும். ஜனவரியில் ஏசி எதற்கு? லேக் மார்க்கெட், காளிகாட், கரியாஹாட் சுற்றுவட்டாரத்தில் சாதாரண லாட்ஜுகள் உண்டு. ஆயிரத்துக்குள் ஃபேன் ரூம் கிடைத்தது. ஒரே தொல்லை செக்அவுட். காலை ஆறரைக்கு வந்து படுப்பவனை, பகல் 12 மணி கணக்கு வைத்திருக்கும் லாட்ஜில், கடைசி நாள் சரியாகத் தூங்கும் நேரத்தில் கதவைத் தட்டி எழுப்புவார்கள். 24 மணி நேர செக்அவுட் உண்டா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். ஆப்பில் பதிவு செய்து போன ஓர் இடத்தில், "அந்த ரூம் இல்லை, ஏசி ரூம்தான் இருக்கு, கூடப் பணம் கொடுங்க" என்றார்கள். வாக்குவாதம் செய்யத் தெம்பில்லை. பையைத் தூக்கிக்கொண்டு எதிர்ச் சந்துக்குப் போனேன், அங்கே அதைவிட நல்ல அறை.

கோவை கிடார்

அண்ணா, விடிய விடிய தர்பாரி எல்லாம் நமக்குத் தாங்காது. நாங்கள் மூன்று பேர் போனது, பேண்ட் வாசிக்கும் உணவகங்களும் பார்களும் இருக்கும் பார்க் ஸ்ட்ரீட்டுக்காக. அதனால் சடர் ஸ்ட்ரீட்டில் தங்கினோம். இந்தியன் மியூசியத்தை ஒட்டிப் போகும் குட்டித் தெரு. பேக்பேக்கர்கள் காலங்காலமாகத் தங்கும் இடம். தாகூர் கொஞ்ச காலம் அங்கே ஒரு வீட்டில் இருந்திருக்கிறார் என்று சொன்னால், இப்போதைய தெருவைப் பார்த்து நம்ப மாட்டீர்கள். சிம் கார்டு, பணம் மாற்றும் கடை, முட்டை ரோல், கூடவே நடந்துவந்து காதில் கிசுகிசுக்கும் ஆசாமிகள். அவர்களுக்குப் பதில் சொல்லாமல் நடந்தால் போதும்.

அறைகள் எப்படி என்றால், படத்தைப் பார்த்து எடுக்கவே கூடாது. நேரில் போய்க் கதவைத் திறந்து, மெத்தையைத் தூக்கிப் பார்த்து, குழாயைத் திறந்து பார்த்துவிட்டு எடுங்கள். சில இடங்களில் ஜன்னலே கிடையாது, அல்லது ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடச் சுவர். சால்வேஷன் ஆர்மி நடத்தும் ரெட் ஷீல்டு கெஸ்ட் ஹவுஸ் அந்தத் தெருவில்தான் இருக்கிறது. சாதாரண இடம், ஆனால் ஒழுங்கு உண்டு. இப்போது டார்மிட்டரி படுக்கை தரும் ஹாஸ்டல்களும் அந்தப் பக்கம் வந்துவிட்டன. தனியாகப் போகிறவர்களுக்கு அதுதான் கட்டுப்படியாகும்.

சடர் ஸ்ட்ரீட்டின் லாபம் என்ன தெரியுமா? ராத்திரி ஆட்டோ, டாக்ஸி எதுவும் வேண்டாம். பதினைந்து நிமிடம் நடந்தால் பார்க் ஸ்ட்ரீட். மிச்சமான டாக்ஸிக் காசு ஒரு பிளேட் கபாப் ஆகிவிடும். அங்கே ட்ரிங்காஸ் உணவகத்தில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்தோம். குடும்பத்தோடு சாப்பிட வந்தவர்கள், பிறந்த நாள் கேக் வெட்டுகிறவர்கள், ஓரத்தில் தனியாக ஒரு பெரியவர். மேடையில் பேண்ட். பழைய இங்கிலீஷ் பாட்டு, நடுவில் இந்தி, அப்புறம் ஒரு பெங்காலி பாட்டுக்கு ஹாலே சேர்ந்து பாடியது. அந்த அறையில் நிறைய வருஷங்களாகவே பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது என்பது வாசிக்கிறவர்கள் நிற்கும் விதத்திலேயே தெரிந்தது, பதற்றமே இல்லை. ராக், ப்ளூஸ் வேண்டும் என்றால் தி பார்க் ஹோட்டலில் இருக்கும் சம்ப்ளேஸ் எல்ஸ் என்ற பார். 1994-இல் ஆரம்பித்தது. கொல்கத்தா பேண்டுகளில் பலர் அந்தச் சின்ன மேடையில் தேறியவர்கள். அது நட்சத்திர ஹோட்டல் விலை. நாங்கள் வெளியே வயிறு நிறைய காத்தி ரோல் சாப்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போனோம், ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொண்டு கடைசிப் பாட்டு வரை இருந்தோம். யாரும் முறைக்கவில்லை.

வேறொரு பாரில் ஒரு நண்பனை ரப்பர் செருப்புக்காக உள்ளே விடவில்லை. ஷூ எடுத்துப் போங்கள். இன்னொன்று, மெனுவில் போட்டிருக்கும் விலைக்கு மேல் வரி தனி. நுழைவுக் கட்டணம் வார நாளில் இல்லாத இடத்தில் வெள்ளி சனிக்கு இருக்கலாம். வாசலிலேயே கேட்டுவிடுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

பகலில் ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட் போங்கள். இப்போது மிர்ஸா காலிப் தெரு என்று பெயர், ஆனால் பழைய பெயர் சொன்னால்தான் எல்லோருக்கும் புரிகிறது. பழைய ரெக்கார்டு விற்கும் கடைகள். தூசி தும்மலோடு இரண்டு மணி நேரம் போனது தெரியவில்லை. பெங்களூரில் பிறந்து கொல்கத்தாவிலேயே கடைசிவரை வாழ்ந்த ஜாஸ் கிடாரிஸ்ட் கார்ல்டன் கிட்டோ பற்றி அந்தக் கடைக்காரர் ஒருவர் பேச ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. 2016-இல்தான் காலமானார், நேரில் கேட்கக் கொடுத்து வைக்கவில்லை.

மேகலா டீச்சர்

பெண்கள் மட்டும் போவதாக இருந்தால் என் யோசனை மிடில்டன் ரோ. பார்க் ஸ்ட்ரீட்டிலிருந்து பிரியும் தெரு. அங்கே ஒய்.டபிள்யூ.சி.ஏ. (இளம் கிறிஸ்தவப் பெண்கள் சங்கம்) இருக்கிறது, அறை தருகிறார்கள். நானும் தங்கையும் தங்கினோம். பழைய கட்டடம், உயரமான கூரை, அலங்காரம் எதுவும் இல்லை. ராத்திரி எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்று வரும்போதே கேட்டுக்கொண்டு, அதற்கேற்ற மாதிரி எழுந்து வந்தோம். கச்சேரியை நடுவில் விட்டு வருவது கஷ்டம்தான். ஆனால் வாசலில் தெரிந்த முகம் ஒன்று உட்கார்ந்திருப்பது எங்களுக்கு அதைவிட முக்கியமாக இருந்தது.

ட்ரிங்காஸில் நாங்கள் இரண்டு பெண்கள் மட்டும் ஒரு மேஜையில் உட்கார்ந்தபோது யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சென்னையில் பாட்டு நடக்கும் பாருக்குள் நுழைய நான் யோசிப்பேன். அங்கே தோன்றவில்லை. 1969-இல் பாப் பாடகி உஷா உதுப் பட்டுப் புடவையும் பெரிய பொட்டுமாக நின்று பாடிய இடம் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். அவர் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், முதலில் பாடியது நம் மவுண்ட் ரோடு சபையர் தியேட்டர் வளாகத்தில் இருந்த நைன் ஜெம்ஸ் கிளப்பில். சபையர் போய்விட்டது, நைன் ஜெம்ஸும் போய்விட்டது. ட்ரிங்காஸ் இருக்கிறது. இதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

ஒரு எச்சரிக்கை. டிசம்பர் கடைசி வாரம் பார்க் ஸ்ட்ரீட் பகுதியில் மலிவு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆலன் பார்க்கில் மேடை, தெரு முழுக்க விளக்கு, ஊரே அங்கேதான் நிற்கும். 2011 முதல் அரசாங்கமே கிறிஸ்துமஸ் விழாவாக நடத்துகிறது. மேடையில் பாட்டு இலவசம், ஆனால் அறை வாடகை ஏறிவிடும். அந்த நாட்களில் தெற்கே தங்கி மெட்ரோவில் வருவதுதான் புத்திசாலித்தனம்.

லேக் மார்க்கெட் தாத்தா

குழந்தைகளே, வேலைக்காக இந்த ஊருக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவன் நான். சிலது சேர்க்கிறேன்.

முதலில் ரயில். சென்னையிலிருந்து வரும் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் இப்போது ஹௌராவுக்கு வருவதில்லை, 2022 முதல் ஷாலிமார் ஸ்டேஷன். இன்னும் பல பேர் ஹௌராவை நினைத்து அதன் பக்கத்தில் அறை போட்டுவிட்டு, இறங்கிய பிறகு முழிக்கிறார்கள். சென்னை மெயில் ஹௌராவுக்கே வரும். ஹௌராவில் இறங்கினால் டாக்ஸிக்காரரோடு மல்லுக்கட்டாமல் மெட்ரோ பிடியுங்கள். 2024 மார்ச்சில் திறந்த பாதை, ஆற்றுக்கு அடியில் போய் எஸ்பிளனேடில் விடும். அங்கிருந்து சடர் ஸ்ட்ரீட் நடை தூரம். தெற்கே வருவதானால் அங்கேயே நீல வழித்தடத்துக்கு மாறிக் காளிகாட்டில் இறங்கலாம். இரண்டு இரவுக்கு மட்டும் வருகிறவர்கள் ஸ்டேஷன் ஓய்வறையையும் பாருங்கள். உறுதியான டிக்கெட்டின் பி.என்.ஆர். இருந்தால் ஐ.ஆர்.சி.டி.சி.யில் 12 மணி நேரத்துக்குக்கூடப் பதிவு செய்யலாம். பகலில் மட்டும் தூங்குகிற கூட்டத்துக்கு அது கச்சிதம்.

கோவைத் தம்பி பார்க் ஸ்ட்ரீட்டைப் பற்றி எழுதியதைப் படித்தேன். அறுபதுகளில் அந்தத் தெருவில் வரிசையாக ஒவ்வோர் உணவகத்திலும் பேண்ட் இருந்தது. மொகாம்போ, ப்ளூ ஃபாக்ஸ், மூலான் ரூஜ் என்று. எழுபதுகளில் கேளிக்கை வரி ஏறியது, கரண்ட் போனது, ஊரில் கலவரம், ராத்திரி வெளியே வரவே ஜனங்கள் பயந்தார்கள். ஒன்றொன்றாக மேடையைக் கழற்றினார்கள். இன்று மீதி இருப்பது அதில் தப்பியதுதான். அதனால் அங்கே போகிறவர்கள் ஒரு காபியாவது கூட வாங்கிச் சாப்பிடுங்கள். வெளியே ரோல் தின்றுவிட்டுப் போவதை நான் மெச்ச மாட்டேன், தம்பி.

காசே இல்லாமல் பாட்டுக் கேட்க வேண்டும் என்றால், ஜனவரியில் ஜாதவ்பூர் சக்திகட் மைதானத்தில் பாவுல் ஃபக்கீர் உற்சவம் நடக்கும், வங்காளத்து நாடோடிப் பாடகர்களின் விழா. தரையில் உட்கார வேண்டியதுதான். ஒற்றைத் தந்தி ஏக்தாரா, நம் கஞ்சிரா மாதிரி இருக்கும் துபகி, ராத்திரி முழுக்கப் பாட்டு. டிக்கெட் கிடையாது. கங்கைக்கு அந்தப் பக்கம் உத்தரபாராவில் சங்கீத சக்ரம் என்ற அமைப்பு நடத்தும் இசை மாநாடும் விடிய விடியத்தான். ஹௌராவிலிருந்து லோக்கல் ரயில் இருக்கிறது, அறை போடாமலேயே காலை முதல் வண்டியில் திரும்பிவிடலாம்.

நஸ்ருல் மஞ்சுக்குக் கிட்டத்தில் தங்க வேண்டும் என்றால் கோல்பார்க்கில் ராமகிருஷ்ண மிஷன் கலாசார நிலையத்தின் விருந்தினர் விடுதி இருக்கிறது. முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். ஆனால் அங்கே தங்கிக்கொண்டு விடியற்காலை வந்து கேட்டைத் தட்டுவது நன்றாக இராது. சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். லேக் மார்க்கெட்டில் இறங்கினால் பூக்கடை, வாழையிலை, காபிப்பொடி எல்லாம் நம்மூர் மாதிரியே இருக்கும். இட்லி தோசைக் கடைகளும் இருக்கின்றன. ரசிக ரஞ்சன சபாவிலும் பாரதி தமிழ்ச் சங்கத்திலும் அந்த வாரம் ஏதாவது நிகழ்ச்சி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

கோவை கிடார்

தாத்தா, அடுத்த தடவை உள்ளேயே சாப்பிடுகிறோம். சத்தியம் செய்ய முடியாது, சம்பளத் தேதியைப் பொறுத்தது.

மெட்ரோ பற்றி ஒரு வார்த்தை. காளிகாட்டுக்கும் பார்க் ஸ்ட்ரீட்டுக்கும் நடுவில் நாலே ஸ்டேஷன், டிக்கெட்டும் சில்லறைக் காசுதான். ஆனால் பேண்ட் சூடு பிடிக்கிற நேரத்துக்குக் கடைசி வண்டி போய்விடும். தெற்கே தங்கி பார்க் ஸ்ட்ரீட் வருகிறவர்கள் திரும்பும் செலவையும் வாடகையோடு கூட்டிப் பாருங்கள். இரண்டு மூன்று ராத்திரி டாக்ஸி பிடித்தால், அந்த மலிவு அறை மலிவே இல்லை.

புது உறுப்பினர்

வணக்கம். அம்மாவுக்கு 70 வயது, ஹிந்துஸ்தானி சங்கீதம் என்றால் உயிர். டோவர் லேனுக்கு அழைத்துப் போகலாமா? ராத்திரி முழுக்க உட்கார முடியுமா?

மாம்பலம் ரசிகன்

தாராளமாக. அம்மா வயதில் அங்கே நிறையப் பேர், அவர்கள்தான் கடைசிவரை தூங்காமல் தலையாட்டுகிறார்கள். கலைஞர்களுக்கு நடுவில் நல்ல இடைவெளி உண்டு. வெளியே டீ, ஃபிஷ் ஃப்ரை, சைவத்துக்கும் ஏதாவது கிடைக்கும். ஓரத்து இருக்கையாகக் கேட்டு வாங்குங்கள், எழுந்து போக வசதி. தெர்மாஸில் வெந்நீரும் காதுக்குத் துணியும் கட்டாயம். அறையை கரியாஹாட் அல்லது கோல்பார்க் பக்கம், லிஃப்ட் இருக்கும் இடமாகப் போடுங்கள். அந்த விஷயத்தில் மட்டும் நானூறு ஐந்நூறு கூடப் போனாலும் பரவாயில்லை. நான்கு நாளுக்கும் சேர்த்து சீசன் டிக்கெட் எடுத்துவிட வேண்டாம். முதல் ராத்திரிக்கு மட்டும் எடுங்கள், அம்மா எப்படி இருக்கிறார் என்று பார்த்துவிட்டு அடுத்த நாளுக்கு வாங்கிக்கொள்ளலாம்.