எழுத்து தெரியும், டப்பா திறக்கத் தெரியாது: உங்கள் வீட்டில் எப்படி?

கும்பகோணம், ஓர் அம்மா:

சென்ற விஜயதசமிக்குக் கூத்தனூர் சரஸ்வதி கோயிலுக்கு மகனை அழைத்துப் போனோம். மடியில் உட்காரவைத்து, விரலைப் பிடித்து நெல்லில் ‘அ’ எழுதவைத்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜூனில் எல்.கே.ஜி. போகும்போது ஆங்கில எழுத்து 26, ஐம்பது வரை எண்கள், நிறங்கள் எல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மூன்றாம் நாள் சாப்பாட்டு டப்பா நிறைந்தபடியே திரும்பி வந்தது. தயிர்சாதம் புளித்துப்போயிருந்தது. அவனைத் திட்டிக்கொண்டே கழுவும்போதுதான் கவனித்தேன். மூடியின் ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னப் பல் தடங்கள். கையால் திறக்க வராமல் கடித்துப் பார்த்திருக்கிறான். ‘திறந்து தாருங்கள்’ என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லையே, வீட்டில் வாய் திறக்கும் முன்பே எல்லாம் நடந்துவிடும். ஊட்டியது நான், பொத்தான் போட்டது நான், செருப்பு மாட்டியதும் நானேதான். அடுத்த வாரம் கால்சட்டைக் கொக்கியைக் கழற்றத் தெரியாமல் நனைந்து வந்தான். அதை விரிவாக எழுத மனமில்லை.

உங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கு முன் எது வந்தது, எது வரவில்லை?

திருவாரூர்ப் பக்கம், ஓய்வு பெற்ற அங்கன்வாடிப் பணியாளர்:

நீங்கள் மட்டுமல்ல, அம்மா. ‘எப்போது எழுதவைப்பீர்கள்?’ என்று கேட்காத பெற்றோரை நான் பார்த்ததில்லை. ‘தானாகச் சாப்பிடுகிறாளா?’ என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாகக் கெட்டிப்பட ஆண்டுக்கணக்கில் ஆகும். விரல்கள் சொன்னபடி கேட்பதும் மெல்லத்தான் வரும். மூன்று வயதுப் பிள்ளைகள் பலர் பென்சிலை மூன்று விரலில் பிடிக்காமல் முழுக் கையால் பற்றுவார்கள். ஏறக்குறைய மூன்றில் வட்டம் வரையும், நான்கில் கூட்டல் குறி வரும், அப்புறம் சதுரம், ஐந்தை ஒட்டித்தான் முக்கோணம். ‘அ’வை நீங்களே ஒருமுறை எழுதிப் பாருங்கள். சுழி, வளைவு, குறுக்குக்கோடு, நெட்டுக்கோடு என்று எத்தனை! ‘ட’வும் ‘ப’வும் வெறும் நேர்க்கோடுகள், எழுதத் தொடங்க அவைதான் தோது. கூத்தனூருக்குப் போவது நல்லதுதான், நானும் என் பேத்தியைக் கூட்டிப் போனேன். மறுநாளே நோட்டை நீட்டுவதுதான் தவறு.

பங்குனியில் உளுந்து நெற்று உரிக்கும்போது பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். முருங்கைக்கீரை உருவட்டும். பல்லாங்குழியில் புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகப் போடட்டும். விரல் நுனிக்கு அதைவிட நல்ல வேலை இல்லை. கூடவே இருங்கள், ஒரு கொட்டை மூக்குக்குள் போய் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்தக் காலத்தில் வலக்கையைத் தலைக்கு மேல் வளைத்து இடக்காதைத் தொட்டுவிட்டால் ஒன்றாம் வகுப்பு. வயது ஒருவாறு தெரிந்துவிடும். பொத்தான் போடுவானா என்று காது சொல்லுமா?

மன்னார்குடி, விவசாயி, தாத்தா:

எங்கள் பேரனுக்கு அழுகைதான் சிக்கல். ஜூன் 12 மேட்டூர் திறக்கும் தேதி. பள்ளி திறப்பதும் அதை ஒட்டித்தான். வீட்டில் எல்லோருக்கும் குறுவை நினைப்பு. மருமகள் அவனை வகுப்பில் விட்டுவிட்டு, பார்க்காத நேரத்தில் நழுவி வந்துவிடுவாள். அவன் மறுநாளிலிருந்து வீட்டுக்குள்ளேயே அவள் புடவையை விடவில்லை. பிறகு சொல்லிவிட்டுக் கிளம்பச் சொன்னேன். ‘மூன்று மணிக்கு வருகிறேன்’ என்றால் அவனுக்கு என்ன புரியும்? ‘நீ சாப்பிட்டு, தூங்கி எழுந்ததும் வருவேன்’ என்று சொன்னோம். சொன்னபடி வந்தோம். பத்துப் பதினைந்து நாளில் அழுகை நின்றது.

மயிலாடுதுறை, ஓர் அப்பா:

மகள் மூன்றரை வயதிலும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை. ‘அப்பன் மாதிரி மெதுவாகப் பேசுவாள்’ என்று உறவினர் எல்லோரும் தேற்றினார்கள். அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வரும் மருத்துவக் குழுதான் அவள் முதுகுப் பக்கமிருந்து கூப்பிட்டுப் பார்த்தது. அவள் திரும்பவில்லை. அடிக்கடி வந்த சளியால் நடுக்காதில் நீர் கட்டியிருந்ததாம். பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைக் கவனிக்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பினார்கள். சிகிச்சைக்குப் பிறகு இப்போது வாயாடி. பேச்சு தாமதமானால் முதலில் காதைப் பாருங்கள், உறவினர் பேச்சை அப்புறம் கேட்கலாம்.

கும்பகோணம், ஓர் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரமாக மாலையில் அவனிடம் வெறும் டப்பாவைக் கொடுத்து, உள்ளே இரண்டு முந்திரி போட்டுவைக்கிறேன். நேற்றுப் பள்ளியில் தானே திறந்து சாப்பிட்டிருக்கிறான். மூடத்தான் வரவில்லை. பை முழுக்க ரசம்.