மாங்கனீசு சல்பேட்டின் காந்தத் திருப்புத்திறன் 20.9 வருகிறது, எங்கே தப்பு?

முனிர்கா மாடிவாசி:
டெல்லியில் எம்.எஸ்சி. வேதியியல் முதல் வருடம். கூய் தராசில் (குழாயைக் காந்தத்துக்கு நடுவில் தொங்கவிட்டு எடை மாறுவதை அளக்கும் தராசு) மாங்கனீசு சல்பேட்டின் காந்த ஏற்புத்திறனை, அதாவது காந்தப்புலத்தில் அது எவ்வளவு காந்தமாகிறது என்பதை அளந்தேன் (ஒரு நீர் மூலக்கூறு உள்ள உப்பு, மோலார் நிறை 169). காற்றில் தராசு ஆடுகிறது என்று ஃபேனை அணைத்துவிட்டார்கள். தெர்மாமீட்டர் 35 காட்டியது, சட்டை பிழியலாம்.

காந்தத்தை ஓட்டியதும் காலிக் குழாயின் எடை கொஞ்சம் குறைந்தது, உப்பு போட்ட குழாயின் எடை ஏறியது. அதுவரை சரி. ஒப்பீட்டுக்கு மெர்குரி கோபால்ட் தயோசயனேட். கையேட்டில் அதற்கு 2.066 × 10⁻⁷ கனமீட்டர்/கிலோ என்று இருக்கிறது. அதை வைத்து என் உப்புக்கு 1.08 × 10⁻⁶ வந்தது, அதாவது கிராமுக்கு 1.08 × 10⁻³ கன செ.மீ. 169ஆல் பெருக்கினால் 0.1825. அப்புறம் காந்தத் திருப்புத்திறன் 2.828 × √(0.1825 × 298) = 20.9 போர் மேக்னட்டான் (அணுக்களின் காந்தத்தை அளக்கும் அலகு)! இணையாகாத எலக்ட்ரான் ஐந்து, √35 = 5.92 தானே வர வேண்டும்? திங்கட்கிழமை ரெக்கார்டு வைக்க வேண்டும்.

பைத்தியக்காரப் பை:
20.9ஐ 5.92ஆல் வகுத்துப் பாருங்கள், 3.53. √(4π) எவ்வளவு? 3.545. திருடன் அகப்பட்டான்.

2.828 என்பது சிஜிஎஸ் (செ.மீ.-கிராம்-வினாடி) சூத்திரத்தின் எண். நீங்கள் அதில் எஸ்ஐ (மீட்டர்-கிலோ-வினாடி) மதிப்பைப் போட்டிருக்கிறீர்கள். சிஜிஎஸ்ஸில் 4π புலச் சமன்பாட்டிலேயே நிற்கும், எஸ்ஐயில் அது ஏற்புத்திறனுக்குள் போய்விடும். தண்ணீரின் பருமன் ஏற்புத்திறன் ஒரு புத்தகத்தில் −0.72 × 10⁻⁶, இன்னொன்றில் −9.04 × 10⁻⁶. இரண்டும் அதே தண்ணீர்தான். அலகில்லாத எண் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. 0.1825ஐ 4πயால் வகுத்துவிட்டுப் போடுங்கள்.

முனிர்கா மாடிவாசி:
5.88! கும்பிடு சார். ரெக்கார்டு எழுதப் போகிறேன்.

ஓய்வுபெற்ற லேப்காரன்:
தம்பி, பேனாவை மூடுங்கள். அந்த 5.88 இரண்டு தப்பு ஒன்றையொன்று அடித்துக்கொண்டதால் வந்தது.

தெர்மாமீட்டர் 35 என்று நீங்களே எழுதிவிட்டு 298 கெல்வின், அதாவது 25 டிகிரி போட்டிருக்கிறீர்கள். 308 போட்டால் 5.98 ஆகிவிடும். ஆனால் கையேடு தரும் 2.066 (பழைய சிஜிஎஸ் கணக்கில் 16.44 × 10⁻⁶) 20 டிகிரிக்கான மதிப்பு. அந்தக் கோபால்ட் உப்பின் ஏற்புத்திறன் கெல்வின் வெப்பநிலையோடு 10 கூட்டிய எண்ணுக்கு எதிர்விகிதத்தில் மாறும். 303ஐ 318ஆல் வகுத்தால் 0.953, ஆகவே உங்கள் லேபில் அது 15.7 தான். திருத்திப் போட்டால் 5.84. டயா காந்தத் திருத்தத்தையும் (இணையான எலக்ட்ரான்கள் காட்டும் சிறு எதிர்க்காந்தத்தை ஈடுசெய்வது) சேருங்கள்: மாங்கனீசு 14, சல்பேட் 40, தண்ணீர் 13, மொத்தம் 67 × 10⁻⁶. இவ்வளவு பாடுபட்டும் 5.85 தான் ஆகும். மாங்கனீசுக்கு அது கொசு, ஒற்றை எலக்ட்ரான் உள்ள தாமிர உப்புக்கு அப்படி விட முடியாது.

இதையெல்லாம்விடக் குழாயை நிரப்புவதில்தான் நிஜமான தகராறு. கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஒவ்வொரு தடவையும் மரக்கட்டைமேல் தட்டி, இரண்டு உப்பையும் ஒரே கோடுவரை நிரப்ப வேண்டும். நடுவில் இடைவெளி விழுந்தால் எந்தச் சூத்திரமும் காப்பாற்றாது. காலி செய்து மூன்று முறையாவது நிரப்பிப் பாருங்கள்.

இன்னொன்று. தூளில் கிடைப்பது எல்லாத் திசைக்குமான சராசரி. ஒற்றைப் படிகத்தில் திசைக்குத் திசை மாறும் ஏற்புத்திறனை மெல்லிய இழையில் தொங்கவிட்டு அளந்தவர் வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த நம் கே.எஸ். கிருஷ்ணன். தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரும் அவர்தான். அந்த ஆய்வகம் இருக்கும் பூசா பக்கம் போனால் சாலைப் பெயர்ப் பலகையைப் பாருங்கள்.

முனிர்கா மாடிவாசி:
அந்தச் சாலையில் எத்தனையோ முறை பஸ்ஸில் போயிருக்கிறேன், யார் என்று யோசித்ததே இல்லை. இன்று மூன்று முறை நிரப்பினேன் சார்: 5.85, 5.79, 5.91. மூன்றையும் எழுதிவிடலாமா, சராசரி மட்டும் போதுமா?

ஓய்வுபெற்ற லேப்காரன்:
மூன்றையும் எழுதுங்கள். பக்கத்திலேயே 35 டிகிரி என்றும்.