புதுப்பிப்பு: ஹெர்பிஸ் நெகட்டிவ், ஆனாலும் எரிச்சல் – காரணம் தெரிந்தது

உடலுறவில் தொற்றும் ஹெர்பிஸ் வைரஸுக்கான சோதனைகள் நெகட்டிவ் என்று வந்தும் பிறப்புறுப்பில் எரிச்சலும் சிவப்பும் போகவில்லை என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. "பேட்ச் டெஸ்ட் கேளுங்கள்" (எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை) என்ற யோசனைதான் கைகொடுத்தது.

முதலில் சிங்கப்பூரில் பாலியல் நோய்களுக்கான டிஎஸ்சி கிளினிக்கில் ரத்தப் பரிசோதனையைத் திரும்ப எடுத்தேன். உறவு நடந்து 12 வாரம் தாண்டிவிட்டதால் நெகட்டிவை நம்பலாம் என்றார் மருத்துவர். அப்புறம் மண்டலே ரோடு தேசிய சரும நிலையம். முதுகில் ஒட்டிய பட்டைகளை 2 நாள் கழித்து உரித்தபோது ஓரிடம் மட்டும் தடித்துச் சிவந்திருந்தது: மெத்தில்ஐசோதயசோலினோன். இந்த வெயிலுக்குப் பையிலேயே இருக்குமே வெட் டிஷ்யூ, அதில் கெடாமலிருக்கச் சேர்ப்பது.

எதிர்பாராதது, பாத்திரம் கழுவும் சோப்பிலும் அதுவே. விரல் வெடிப்புக்கும் அதுதான் காரணமாம்! இப்போது வெட் டிஷ்யூவுக்குப் பதில் வெறும் தண்ணீர்தான். மருத்துவர் தந்த லேசான ஸ்டீராய்டு களிம்பில் எரிச்சல் அடங்கிவிட்டது.