செயலாராய்ச்சி (தன் பள்ளியின் சிக்கலுக்கு ஆசிரியரே ஒரு தீர்வைச் செய்து பார்த்து, விளைவை ஆராய்வது) செய்து பார்த்த தலைமை ஆசிரியர்களே, உங்கள் அனுபவம் என்ன?

தலைமை ஆசிரியை, ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி:
ஐந்தாம் வகுப்புக்குக் கழித்தல் வரவில்லை என்பது எங்கள் பள்ளியின் நெடுநாள் புலம்பல். மதிப்பெண் பட்டியலை மூடிவைத்துவிட்டு, தவறான விடைகளை மட்டும் தொகுக்கச் சொன்னேன். 52 − 27 கணக்குக்குப் பலரும் 35 என்று எழுதியிருந்தார்கள். கவனக்குறைவு என்றால் ஆளுக்கொரு விடை வந்திருக்கும். இங்கே 2-இல் 7 போகாது என்பதால் 7-இல் 2 போக 5 என்று போட்டிருக்கிறார்கள். "பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும்" என்று இரண்டாம் வகுப்பில் கேட்டதை அப்படியே பின்பற்றுகிறார்கள், பாவம்.

தலைமை ஆசிரியரின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. ஒரு வகுப்பாசிரியர் தன் வகுப்புக்குள் எதையும் ஆராயலாம். இரண்டாம் வகுப்பு ஆசிரியரையும் ஐந்தாம் வகுப்பு ஆசிரியரையும் ஒரே மேசையில் உட்காரவைக்க அவரால் முடியாது. அது குற்றம் சாட்டும் கூட்டமாகிவிடக் கூடாதே என்று முதல் பாடத்தை நானே எடுத்தேன். மற்றவர்கள் பின்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுத்தார்கள்.

கரும்பலகையில் விதியைத் திருத்திச் சொன்ன முதல் சுற்று பலிக்கவில்லை. பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளில் ஒரு கட்டை அவிழ்த்துக் கழித்துப் பார்த்த பிறகே நோட்டில் எழுதுவது என்று மாற்றியதும் 25 வரத் தொடங்கியது. 502 − 267 போல நடுவில் பூச்சியம் வந்தால் இன்னும் தடுமாறுகிறார்கள். அடுத்த சுற்று அதற்குத்தான்.

ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர்:
உளவியலாளர் குர்ட் லெவின் 1940-களில் செயலாராய்ச்சியை முன்வைத்தபோது, திட்டமிட்டுச் செய்து, விளைவைப் பார்த்து, மறுபடி திட்டமிடும் சுழற்சியாகவே சொன்னார். நாங்கள் எழுதியதெல்லாம் ஒரே சுற்று: முன்தேர்வு, பயிற்சி, பின்தேர்வு, முடிந்தது. பின்தேர்வில் மதிப்பெண் இறங்கிய அறிக்கை ஒன்றைக்கூட என் பணிக்காலத்தில் பார்த்ததில்லை! முதல் சுற்று பலிக்கவில்லை என்பதை அறிக்கையிலும் எழுதினீர்களா அம்மா?

தலைமை ஆசிரியை:
எழுதினேன் ஐயா. அந்தப் பக்கத்தை எடுத்துவிடலாமே என்றார்கள். எடுத்துவிட்டால், எனக்குப் பின் வருகிறவர் மறுபடியும் கரும்பலகையில்தான் தொடங்குவார் என்று சொல்லிவிட்டேன்.

குச்சி பற்றி ஒரு குறிப்பு: ஐஸ் குச்சியும் ரப்பர் வளையமும் போதும். தீக்குச்சி வேண்டாம், சின்னப் பிள்ளைகள்.