இரக்கம் தீவுக்குப் பாலம்: மீனும் பறவையும் போய்விடுமா?

தீவுக்காரி (இரக்கம்)
பழவேற்காடு ஏரிக்குள், தடாவுக்குக் கிழக்கே இருக்கிறது எங்கள் தீவு. ரேஷன் அரிசி, ஆஸ்பத்திரி, காலேஜ் எல்லாவற்றுக்கும் படகில் கரையிலிருக்கும் பீமுனிவாரிபாளையம் போக வேண்டும். பாலம் கேட்டுக் கேட்டு ஒரு தலைமுறை போய்விட்டது. இப்போது பேச்சு மறுபடி கிளம்பியதும், பாலம் வந்தால் ஏரி செத்துவிடும் என்று ஒரு கூட்டம் எழுதுகிறது. சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியின் குறுக்கேதான் ரோடு போகிறது. 1971-ல் ராக்கெட் தளம் இயங்கத் தொடங்கிய காலத்து ரோடு. அதன் ஓரத்தில்தான் இன்றைக்கும் பூநாரைகள் கூட்டமாக நிற்கின்றன. ராக்கெட்டுக்கு ரோடு போடலாம், பிரசவ வலியில் இருப்பவளுக்குக் கூடாதா?

பூநாரை_நோக்கி (சூலூர்ப்பேட்டை)
அக்கா, உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் அந்த ரோட்டை மட்டும் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். அது பாலம் அல்ல, மண்கரை. இடையிடையே சில மதகுகள்தான் திறப்பு. மழைக்காலத்தில் வடக்குப் பக்கம் நிறைகிற தண்ணீர் தெற்கோடு தாராளமாகக் கலக்க முடியாமல் நின்று, கோடையில் வற்றிவிடுகிறது. ஏப்ரலில் வந்து பாருங்கள். வண்டியின் ஒரு பக்கம் தண்ணீர் இருக்கும், மறுபக்கம் வெடித்த சேறும் அதன்மேல் வெள்ளையாக உப்பும். பூநாரை நிற்பது ஆழம் குறைந்த சேற்றில் தலைகீழாக அலகை விட்டு அரித்துத் தின்பதற்கு. அது நிற்பதை வைத்து ஏரி நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. மீன் நிலவரத்தை மீன்பிடிப்பவரிடம் கேளுங்கள்.

பாட்டுக்காரன் (ஆரம்பாக்கம்)
மீன்பிடிக்கிறவன் நான் சொல்கிறேன். இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகும். மடவையும் கொடுவாவும் முட்டையிடக் கடல் பக்கம் போகிறவைதான். போக்குவரத்து நின்றால் பிழைப்பு நின்றது. மண்கரை போட்ட இடத்தில் இருக்கிற வழியெல்லாம் மதகுதான். அந்த மதகு வாயிலும் வலையைக் குறுக்கே கட்டிவிடுகிறார்கள். விரல் நீளம் இல்லாத குஞ்சுகூடத் தப்புவதில்லை. ஏரி முழுக்கப் பரவிப் போக வேண்டியதை நாலு ஓட்டைக்குள் தள்ளினால் அப்படித்தான் ஆகும்.

எங்களுக்குள் பாடு முறை உண்டு. எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முடிவு செய்வோம். நீரோட்டம் மாறினால் ஒரு ஊரின் பாடே செல்லாமல் போகும். ஆகவே பாலம் வேண்டாம். நல்ல படகும், இரண்டு பக்கமும் ஒழுங்கான இறங்குதுறையும், வாய்க்கால் தூர்வாரலும் கேளுங்கள், நாங்களும் கூட வருகிறோம்.

தீவுக்காரி (இரக்கம்)
அண்ணே, கரையில் உட்கார்ந்துகொண்டு படகு போதும் என்கிறீர்கள். கோடையில் நடு ஏரியில் படகு மோட்டாரின் விசிறி சேற்றில் சிக்கி நிற்கும். ஆம்பளைகள் இறங்கி முழங்கால் சேற்றில் தள்ளுவார்கள், உள்ளே நோயாளி வெயிலில் கிடப்பார். காற்று கிளம்பினால் படகே எடுக்க மாட்டார்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்களே, மறந்துவிட்டதா? இன்னொன்று, ஸ்ரீஹரிகோட்டா ரோடு ஏரியைக் கரைக்குக் கரை அறுத்தது. எங்கள் பாலம் தீவோடு நின்றுவிடும். கிழக்கே தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

சைட்_இன்ஜினியர் (கும்மிடிப்பூண்டி)
கிழக்கே ஓடும், சரி. மேற்கிலிருந்து வரும் மழைவெள்ளம் உங்கள் தீவுக்கும் கரைக்கும் நடுவில்தானே இறங்குகிறது? அந்த வழியை மண்ணால் அடைத்தால் அங்கே வண்டல் படியும்.

முகத்துவாரம் திறந்திருப்பதே, ஒவ்வொரு ஏற்றவற்றத்திலும் உள்ளே வந்து போகும் தண்ணீர் மணலைத் தள்ளுவதால்தான். உள்ளே நீர் பரவும் இடத்தைக் குறைத்தால் தள்ளும் வேகம் குறையும், வாய் தூரும். ஆந்திரப் பக்கம் ராயதொருவு முகத்துவாரம் தூர்ந்து கிடப்பது எல்லோருக்கும் தெரியும். ஒடிசாவின் சிலிகா ஏரியில் 2000-ல் கடலுக்குப் புதிய வாய் வெட்டியதும் மீன்பாடு ஏறியது. கேரளத்தில் தண்ணீர்முக்கம் தடுப்பணையை நெல்லுக்காகக் கட்டினார்கள், மேலே ரோடும் போகிறது. வேம்பநாட்டு ஆற்று இறால் குஞ்சு பொரிக்க உப்புத்தண்ணீருக்கு இறங்கும் வழியை அது மறித்தது.

ஆகவே என் கட்சி, முழுக்கத் தூண் மேல் பாலம். மண்கரை ஒரு மீட்டர்கூடக் கூடாது.

பாட்டுக்காரன் (ஆரம்பாக்கம்)
தூண் என்றாலும் எனக்கு நம்பிக்கை இல்லை. ஏரியில் பெரும்பாலும் இடுப்பளவு ஆழம். கிரேன் மிதவையில் வராது. அதனால் பக்கத்திலேயே லாரி லாரியாக மண்ணைக் கொட்டித் தற்காலிகப் பாதை போடுவார்கள். பாலம் முடிந்ததும் காண்ட்ராக்டர் போய்விடுவார், மண் அங்கேயே கிடக்கும். மேலே தூண், கீழே அதே மண்கரை. படகு கீழே போக உயரமாவது விடுவார்களா?

சைட்_இன்ஜினியர் (கும்மிடிப்பூண்டி)
நீங்கள் சொல்வது நடக்கிற விஷயம்தான். மண்ணுக்குப் பதில் இரும்புத் தூண் நட்டுத் தற்காலிக மேடை போடலாம். செலவு கூடும், ஆனால் பிடுங்கி எடுத்துக்கொண்டு போகலாம். மண்தான் போடுவோம் என்றால், அதை அள்ளி முடித்து ஆழம் அளந்து காட்டும்வரை கடைசித் தவணையை நிறுத்திவைக்க வேண்டும். இதை டெண்டரிலேயே எழுதினால்தான் உண்டு. நடுவில் படகு நுழைய, தூண்களுக்கு இடையே உயரமான திறப்பாக இரண்டு கண்ணாவது வேண்டும்.

பூநாரை_நோக்கி (சூலூர்ப்பேட்டை)
சரணாலயப் பகுதி என்றால் தேசிய வனவிலங்கு வாரியத்தின் முன் போகாமல் முடியாது. அங்கேயே நிபந்தனையாகக் கேட்கலாம். வலசைப் பறவைகள் இருக்கும் அக்டோபர் முதல் மார்ச் வரை தூண் அடிக்கக் கூடாது. கரண்ட் கம்பியைத் தலைக்குமேல் கொண்டுபோகாமல் பாலத்தோடு ஒட்டிய குழாயில் விட வேண்டும். இருட்டில் பறக்கிற பூநாரைக்குக் கம்பி தெரியாது. விளக்கும் தரையைப் பார்த்து எரியட்டும், தண்ணீரைப் பார்த்து வேண்டாம்.

தீவுக்காரி (இரக்கம்)
ஆறு மாதம் வேலை, ஆறு மாதம் லீவு என்றால் ரெண்டு வருஷப் பாலம் நாலு வருஷம் ஆகும். அந்த நாலு வருஷமும் தள்ளுவது நாங்கள்தான். இருந்தாலும் தூணுக்கும் கம்பிக்கும் மண் அள்ளுவதற்கும் நான் சம்மதம். ஊர்க்கூட்டத்தில் இதை நானே சொல்கிறேன். பணம் மண்கரைக்குத்தான் இருக்கிறது என்று அதிகாரிகள் சொன்னால் என்ன செய்வது? அப்போதும் வேண்டாம் என்று எங்கள் ஆட்கள் சொல்ல மாட்டார்கள், அண்ணே.

பாட்டுக்காரன் (ஆரம்பாக்கம்)
அப்படி வந்தால் நாங்கள் கோர்ட்டுக்குப் போவோம் அம்மா. இப்போதே சொல்லிவிடுகிறேன். தூண் பாலம் என்று மனு எழுதுங்கள். மண் அள்ளுவதும் படகுக் கண்ணும் அதில் இருந்தால் எங்கள் ஊர்க் கையெழுத்தை நான் வாங்கித் தருகிறேன்.