அறுவடையா, கறவையா: அழுத்தமின் கருவிக்கு ஒரு சொல்

வணக்கம்.

இயந்திரத்தின் அதிர்விலிருந்து கொஞ்சம் மின்சாரம் எடுக்கும் கருவிக்கு (ஆங்கிலத்தில் piezoelectric energy harvester) தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சில், 'ஆற்றல் அறுவடைக் கருவி' என்றே வைத்துவிடலாம் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கள் ஊரில் 'அறுவடை மெஷின் வந்தாச்சா?' என்று கேட்டால் வயலில் இறங்கும் பெரிய வண்டியைத்தான் கேட்கிறார்கள். அந்தக் குழப்பம்கூடப் பழகினால் போய்விடும். பொருள் பொருந்தவில்லையே, அதற்கு என்ன செய்ய? அறுவடை என்பது விளைந்து முடிந்த பிறகு ஒரே தடவை செய்வது. இந்தக் கருவியோ இயந்திரம் அதிர்ந்துகொண்டிருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிறது. எடுக்கும் விதம் மாறினால் கிடைப்பதும் மாறுகிறது.

போன மாதம் வீட்டுத் தண்ணீர் மோட்டாரில் ஒரு சோதனை செய்தேன். பஸ்ஸரில் இருக்குமே, வெள்ளைப் பீங்கான் ஒட்டிய 27 மில்லிமீட்டர் பித்தளை வில்லை, வளைத்தால் மின்சாரம் தருமே, அதை ஆக்சா பிளேடில் ஒட்டி, பிளேடின் ஒரு முனையை மோட்டாரின் காலோடு இறுக்கினேன். மோட்டார் தகட்டில் நிமிடத்துக்கு 2880 சுற்று என்று இருந்தது. அதாவது நொடிக்கு 48. பிளேடை வெளியே இழுத்தும் உள்ளே தள்ளியும், நுனியில் ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டியும் பார்த்தேன். ஓரிடத்தில் பிளேடின் நுனி கண்ணுக்கு மங்கும் அளவுக்கு ஆடியது. அங்கிருந்து இரண்டு மில்லிமீட்டர் நகர்த்தியதும் அடங்கிவிட்டது.

அப்போதுதான் அந்தப் பழமொழி நினைவுக்கு வந்தது: ஆடுற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுற மாட்டைப் பாடிக் கறக்கணும். ஒத்ததிர்வுக்கு (resonance, இரண்டின் அதிர்வும் ஒத்துப்போனால் ஆட்டம் பெருகுவது) இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. (இலங்கையில் ஒத்ததிர்வைப் 'பரிவு' என்கிறார்கள். பொறாமையாக இருக்கிறது.)

சரி, ஆட்டம் கிடைத்துவிட்டது, அப்புறம்? வில்லையின் மின்தேக்கம் (capacitance, மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் அளவு) சுமார் 20 நானோஃபாரட். 48 ஹெர்ட்சில் அதற்குப் பொருத்தமான மின்தடை ஏறக்குறைய 1,65,000 ஓம் என்று கணக்கு வருகிறது. 100 ஓம் தடையை இணைத்தால் மின்னழுத்தம் எழுவதே இல்லை. 10 மெகாஓம் இணைத்தால் மின்னழுத்தம் உண்டு, மின்னோட்டம் இல்லை. இடையில்தான் பால் இருக்கிறது. அதோடு, மின்சாரத்தை எடுக்க எடுக்கப் பிளேடின் ஆட்டமும் குறையும்; பஸ்ஸர் வில்லையில் அது கண்ணுக்குத் தெரியாது, நல்ல பீங்கானில் தெரியும்.

எடுக்கும் நேரமும் முக்கியம். பிரான்சில் லியோன் நகரில் உள்ள இன்சா (INSA) பொறியியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2005இல் விளக்கிய முறையைப் பாருங்கள். பிளேடு ஒரு பக்கத்தின் கடைசிக்குப் போய்த் திரும்பும் கணத்தில் மட்டும் ஒரு மின்தூண்டியை (inductor, கம்பிச்சுருள்) சட்டென்று இணைத்துத் துண்டிக்கிறார்கள். வில்லையின் மின்னழுத்தம் அப்படியே தலைகீழாகிறது. இல்லாவிட்டால், தன் மின்தேக்கத்தையே ஒவ்வொரு அரைச் சுற்றிலும் திருப்பி நிரப்புவதில் வில்லையின் மின்னோட்டத்தில் பெரும்பங்கு போய்விடும். காம்பை எப்போது இழுப்பது என்பதும் கைப்பழக்கம்தானே.

ஆகவே என் முன்மொழிவு: 'கறப்பி'. அதிர்வுக் கறப்பி, வெப்பக் கறப்பி என்று குடும்பமாக வரும். 'கறவை' என்று சொன்ன நண்பருக்கு ஒரு சொல்: கறவை மாடுதானே? இங்கே மாடு மோட்டார். நம் கருவி கறக்கிற ஆள். 'ஆற்றல் பொறுக்கி' வேண்டவே வேண்டாம். ஏன் என்று சொல்லத் தேவையில்லை. 'திரட்டி' அழகான சொல், ஆனால் வலைப்பதிவர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள்.

முன்னொட்டிலும் ஒரு சங்கடம் உண்டு. அழுத்தினால் மின்சாரம் தோன்றும் இந்த விளைவைக் கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டறிந்தார்கள். piezoelectric என்ற பெயரின் முதற்பாதி அழுத்துவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல். அதனால் நாம் 'அழுத்தமின்' என்கிறோம். வோல்ட்டில் அளப்பதையோ 'மின்னழுத்தம்' என்கிறோம். 'அழுத்தமின் வில்லையின் மின்னழுத்தம்' என்று நேற்று ஒரு மாணவருக்கு எழுதிவிட்டு நானே இரண்டு தடவை படித்தேன். இலங்கைப் பாடநூல்களில் காற்றழுத்தம் 'வளிமண்டல அமுக்கம்'. அந்த வழியில் 'அமுக்கமின்' என்றால் சிக்கல் தீர்கிறது. என் ஓட்டு அதற்கே.

'திறன்' என்ற சொல்லிலும் குழப்பம் உண்டு. 'கறப்பியின் திறனை மேம்படுத்தல்' என்று தலைப்பிட்டால், கூடுவது வாட்டில் அளக்கும் power ஆ, பயனுறுதிறனா (efficiency) என்று தெரியாது. இரண்டும் ஒன்றல்ல. 'வெளியீட்டுத் திறன்' என்று முழுதாக எழுதுவதே நல்லது. இலங்கை நண்பர்களுக்கு power என்பதற்கு 'வலு' இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

கடைசியாக, நுனியில் ஒட்டிய அந்த நாணயம். அதை 'நுனிச்சுமை' என்று எழுதினால், மின்சாரத்தை எடுக்க இணைக்கும் தடையையும் 'சுமை' (load) என்றே சொல்வதால், அந்த 1,65,000 ஓம் சுமையோடு மோதுகிறது. 'நுனிப்பளு' சரிவருமா?