கல்லறை இல்லாத மாலுமிகளின் நினைவிடங்கள்: நேரில் கண்டவர்களின் பகிர்வு

போரில் மூழ்கிய கப்பல்களின் மாலுமிகளுக்காக எழுப்பப்பட்ட நினைவிடங்களைப் பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதலாம் என்று கேட்டிருந்ததால், சென்ற டிசம்பரில் என் தந்தையாரோடு குஜராத் கரையை ஒட்டிய டையூவுக்குச் சென்று வந்ததை இங்கே எழுதுகிறேன். அப்பா 1974-இல் கடற்படையில் ஸ்டோக்கராகச் சேர்ந்து, 15 ஆண்டுகள் நீராவிக் கப்பல்களின் கொதிகலன் அறைகளிலேயே வேலை பார்த்தவர். ஐஎன்எஸ் குக்ரி என்ற இந்தியப் போர்க்கப்பல் மூழ்கி மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் அவர் சேர்ந்தார் என்றாலும், அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மூத்தவர்களில் சிலர் அந்தக் கப்பலில் போனவர்களோடு ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டவர்கள். அதனால் எங்கள் வீட்டில் குக்ரி என்ற பெயர், இளவயதில் தவறிப்போன உறவினர் ஒருவரின் பெயரைப் போலத்தான் பேச்சில் வரும்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தியா-பாகிஸ்தான் போர் நடந்துகொண்டிருந்த 1971 டிசம்பர் 9 இரவு, டையூ கரையிலிருந்து சுமார் 40 கடல் மைல் தொலைவில், பாகிஸ்தானின் ஹங்கோர் என்ற நீர்மூழ்கியைத் தேடிச் சென்ற குக்ரியும் அதன் துணைக்கப்பலான கிர்பானும் அதே நீர்மூழ்கியின் பார்வைக்குள் வந்துவிட்டன. கிர்பானை நோக்கி வந்த முதல் டார்பிடோ வெடிக்காமல் போக, அடுத்தது குக்ரியைத் தாக்கியது. சில நிமிடங்களில் கப்பல் கடலுக்குள் போய்விட்டது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் உயிரிழந்தார்கள். உயிர் தப்பிய 67 பேர் மறுநாள் கடலிலிருந்து மீட்கப்பட்டார்கள். கேப்டன் மகேந்திர நாத் முல்லா தம்முடைய உயிர்காப்புச் சட்டையை ஒரு மாலுமிக்குக் கொடுத்துவிட்டு, தம்மால் முடிந்தவரை ஆட்களைக் கடலில் குதிக்கச் செய்து, கப்பலோடு தாமும் போனார். அவருக்கு மறைவுக்குப் பின் மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது.

நினைவிடம் கடலைப் பார்த்த ஒரு சிறு குன்றின் மேல் இருக்கிறது. 1999 டிசம்பர் 15 அன்று திறக்கப்பட்ட அதில், குக்ரியின் மாதிரி வடிவம் ஒன்று கண்ணாடிக் கூடத்துக்குள் நிற்கிறது. நாங்கள் போனபோது மாலை நான்கு மணி இருக்கும். உப்புக்காற்று படிந்து கண்ணாடி மங்கலாக இருந்ததால், உள்ளே பார்க்க முகத்தை மிக அருகில் கொண்டுபோக வேண்டியிருந்தது. எங்களுக்கு முன்னால் வந்திருந்த குடும்பங்கள் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டன. அப்பா மட்டும் கப்பலின் முன்புறத்திலிருந்து பின்புறம் வரை மெதுவாக நடந்தார். திரும்பி வந்து, புகைபோக்கிக்கு நேராக நின்று, அதற்குக் கீழே கப்பலின் வயிற்றுப் பகுதியைக் காட்டி ஆள்காட்டி விரலைக் கண்ணாடியில் வைத்தார்.

"இங்கேதாம்மா பாய்லர் ரூம். வாட்ச் டியூட்டில இருந்த பசங்க இங்கேருந்து ஏணி ஏறி மேலே வரணும். அதுக்குள்ள கப்பலே இல்ல."

வேறு எதுவும் சொல்லவில்லை. விரலை எடுத்ததும் கண்ணாடியில் அதன் தடம் தெரிந்தது. தோளில் கிடந்த துண்டின் நுனியால் அதைத் துடைத்தார். துடைத்த இடம் மட்டும் தெளிவாகி, கப்பலின் அந்தப் பகுதி நன்றாகத் தெரிந்தது. பிறகு முழுக் கண்ணாடியையும் துடைக்கத் தொடங்கிவிட்டார். காவலர் ஒருவர் அருகில் வந்து பார்த்தார். அப்பா இந்தியில் இரண்டு வார்த்தை சொன்னதும், ஒன்றும் பேசாமல் தள்ளி நின்றுகொண்டார்.

நினைவிடம் என்றால் ஒரு தூணோ கல்வெட்டோ போதாதா என்று நான் முன்பு நினைத்ததுண்டு. அன்று என் எண்ணம் மாறியது. தூணாக இருந்திருந்தால் அப்பா வணங்கிவிட்டு வந்திருப்பார். கப்பலாக இருந்ததால்தான் தம்மைப் போன்ற வேலை பார்த்தவர்கள் கடைசியாக எங்கே நின்றார்கள் என்பதை அவரால் எனக்குக் காட்ட முடிந்தது. கேப்டன் முல்லாவின் தியாகத்தைப் பலரும் எழுதியிருக்கிறார்கள், எழுதத்தான் வேண்டும். மேல்தளத்தை எட்டிப் பார்க்கவே வாய்ப்பில்லாமல் போன அந்தக் கொதிகலன் அறைப் பிள்ளைகளைப் பற்றியும் யாராவது விரிவாக எழுத வேண்டும் என்பது என் ஆசை. அதே பெயரைத் தாங்கிய அடுத்த குக்ரி, 32 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றபின், 2022 ஜனவரியில் டையூ நிர்வாகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அந்தப் பெயர் அந்தக் கரைக்கே வந்து சேர்ந்ததில் அப்பாவுக்கு மிகுந்த நிறைவு.

* * *

டையூ அனுபவத்தை எழுதிய சகோதரிக்கு வணக்கம். நான் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வசிக்கிறேன். இங்கிருந்து வடக்கே சுமார் 420 கிலோமீட்டர் தொலைவில் ஜெரால்டன் என்ற துறைமுக ஊர் இருக்கிறது. அங்கே ஸ்காட் குன்றின் மேல் எச்எம்ஏஎஸ் சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பலின் நினைவிடம் உள்ளது. 1941 நவம்பர் 19 அன்று ஜெர்மனியின் கோர்மோரான் கப்பலோடு நடந்த சண்டைக்குப் பிறகு, சிட்னியில் இருந்த 645 பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. கப்பல் எங்கே மூழ்கியது என்பதும் 2008 மார்ச் வரை யாருக்கும் தெரியாது. 66 ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் குடும்பங்களுக்கு ஒரு திசைகூட இல்லாமல் இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

நினைவிடத்தின் நடுவே துருப்பிடிக்காத எஃகில் செய்த கடற்காகங்களால் ஆன குவிமாடம் ஒன்று இருக்கிறது. எண்ணிக்கை சரியாக 645, ஆளுக்கு ஒன்று. அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், சிறகுகளுக்கு இடையே வானம் துண்டு துண்டாகத் தெரிகிறது. சற்றுத் தள்ளி, கடலைப் பார்த்தபடி, வெண்கலத்தில் ஒரு பெண் நிற்கிறாள். காற்றில் பறக்காமல் இருக்கத் தொப்பியை ஒரு கையால் பிடித்திருக்கிறாள். நான் போன அன்றும் பலத்த காற்று. என் மனைவி தன்னையறியாமல் அதே போல் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு அந்தச் சிலைக்குப் பக்கத்தில் நின்றிருந்ததைப் பார்த்தபோது, எனக்குச் சட்டென்று தொண்டை அடைத்துக்கொண்டது. கப்பலின் இடம் தெரிந்தபிறகு அங்கே ஒரு குளமும் அமைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1942 பிப்ரவரியில் கிறிஸ்துமஸ் தீவுக்கு அருகே ஒரு மிதவையில் ஒதுங்கிய உடல் ஒன்றை, பெயர் தெரியாமலேயே அங்கு அடக்கம் செய்தார்கள். 2006-இல் அதைத் தோண்டியெடுத்து ஆய்வு செய்து, 2008-இல் ஜெரால்டனிலேயே போர் வீரர் கல்லறையில் மறுபடி அடக்கம் செய்தார்கள். 2021-இல் மரபணுச் சோதனை மூலம் அவர் சிட்னியில் இருந்த தாமஸ் வெல்ஸ்பி கிளார்க் என்று உறுதியானது. 645 பேரில் அடையாளத்தோடு ஒரு கல்லறை கிடைத்தது அவர் ஒருவருக்குத்தான். இவ்வளவு ஆண்டுகள் கழித்தும் ஒருவருடைய பெயரைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

* * *

ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளுக்குப் பணி நிமித்தமாகச் சென்றபோது கண்டதை நானும் சேர்க்கிறேன். 1939 அக்டோபர் 14 அன்று ஸ்காபா ஃப்ளோ துறைமுகத்திலேயே நங்கூரமிட்டு நின்ற பிரிட்டனின் ராயல் ஓக் போர்க்கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி மூழ்கடித்தது. இறந்தவர்கள் 800-க்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் நூற்றுக்கும் அதிகமானோர் பதினெட்டு வயதுகூட நிரம்பாத பையன்கள். கப்பல் கிடக்கும் இடத்தில் ஒரு மிதவை மட்டும் இருக்கிறது. ஆண்டுதோறும் கடற்படை முக்குளிப்பவர்கள் கீழே இறங்கி, கப்பலின் மேல் இருக்கும் கொடியை மாற்றிவிட்டு வருகிறார்கள்.

கிர்க்வால் ஊரின் செயின்ட் மாக்னஸ் பேராலயத்தில் அந்தக் கப்பலின் மணியும், இறந்தவர்களின் பெயர்கள் எழுதிய புத்தகமும் உள்ளன. வாரம் ஒரு பக்கம் திருப்புகிறார்கள். நான் சென்ற வாரத்தில் திறந்திருந்த பக்கத்தின் பெயர்கள் எல்லாவற்றையும் வாய்க்குள் மெதுவாகப் படித்தேன். பாதி பெயர்களை எப்படி உச்சரிப்பது என்று தெரியவில்லை. ஆனாலும் ஒன்றையும் விடாமல் படித்தேன்.

* * *

டையூ பற்றி எழுதியவள் நான். இரண்டு பகிர்வுகளையும் நேற்றிரவு அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஜெரால்டன் பகுதியை மறுமுறை படிக்கச் சொன்னார். புத்தகம் பற்றிய பகுதி வந்ததும், "அந்தப் பக்கத்தைத் திருப்புறது யாரு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். ஆர்க்னி சென்று வந்த நண்பருக்குத் தெரிந்தால் எழுதுங்கள். அப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.